பாட்டோட பின்பக்கம்

வணக்கம். அண்டர்கிரவுண்ட் மியூசிக்கை, அதாவது அதிகம் வெளிய தெரியாத இசையை, எங்க ஆரம்பிச்சு கேக்குறதுன்னு நிறைய பேர் என்கிட்ட கேக்குறாங்க. நான் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்றேன், ரெக்கார்டோட, அதான் அந்தக் கால இசைத்தட்டோட, பின்பக்கத்துல ஆரம்பிங்க.

எனக்கு அப்படித்தான் ஆச்சு. காலேஜ் படிக்கும்போது ஒரு ஃப்ரெண்டு பென்டிரைவ்ல கொஞ்சம் ஜமைக்கா பாட்டு போட்டுக் குடுத்தான், ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு படுத்து கேக்குறேன், பாடுறவர் ஒரு வரி எடுக்குறாரு, பாதி வார்த்தையில குரல் காணாம போயிடுது, பேஸ்ங்குற கனத்த அடிநாதமும் டிரம்ஸும் மட்டும் ஓடுது, அப்புறம் அந்தப் பாதி வார்த்தை கிணத்துக்குள்ள இருந்து கூப்பிடுற மாதிரி திரும்பத் திரும்ப வந்து கரையுது. ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு மறுபடி போட்டேன். அதே இடத்துல அதேதான். அப்பதான் உறைச்சுது, இதை யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க.

செஞ்சவர் பேரு கிங் டப்பி. ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டன்ல ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ரிப்பேர் பண்ணிட்டு இருந்தவர், சொந்தப் பேரு ஆஸ்போர்ன் ரட்டக். அங்க 1960-கள் கடைசியிலேயே பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்குற சிங்கிள் ரெக்கார்டோட பின்பக்கத்துல குரல் இல்லாம வெறும் இசையை மட்டும் போடுற பழக்கம் வந்துடுச்சு, அதுக்கு வெர்ஷன்னு பேரு, டான்ஸ் நடக்குற இடத்துல அதைப் போட்டா கூட்டமே பாடும். டப்பி அதோட நிக்கல. வாட்டர்ஹவுஸ் ஏரியாவுல வீட்டுலயே ஒரு சின்ன ஸ்டுடியோ, சத்தத்தை நாலு தனி வரிசையில பதியுற நாலு டிராக் டேப், வேற ஸ்டுடியோ பழசுன்னு கழிச்சுக் கட்டின மிக்சிங் போர்டு, அதாவது ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியா கூட்டிக் குறைக்குற மேசை. அந்த போர்டுல உக்காந்து குரலை இறக்குவாரு, கிட்டாரை ஒரே ஒரு அடி விட்டு எக்கோவுல தள்ளிடுவாரு, ஃபில்டர் குமிழைத் திருப்பினா டிரம்ஸோட கனத்த சத்தமெல்லாம் போய் சீறல் மட்டும் மிஞ்சும். வாசிச்சவங்க வீட்டுக்குப் போனப்புறம் அந்த டேப்பை வச்சு இவர் தனியா வாசிச்சாருன்னுதான் நான் சொல்லுவேன். மிக்சிங் போர்டும் ஒரு வாத்தியம்னு எனக்குப் புரிய வச்சது இந்த மனுஷன்தான். 1989 பிப்ரவரியில வீட்டு வாசல்லயே சுட்டுக் கொன்னுட்டாங்க, வயசு 48, இன்னைக்கும் நெனச்சா மனசு ஆறல.

அதுக்கப்புறம் என் கேக்குற பழக்கமே மாறிடுச்சு. பாடுனவர் பேரைப் பார்க்குறதுக்கு முன்னாடி ரெக்கார்டு நடுவுல ஒட்டியிருக்குற தாள்ல பொடி எழுத்துல யாரு மிக்ஸ் பண்ணதுன்னு தேட ஆரம்பிச்சேன், அந்தப் பேரைப் பிடிச்சுக்கிட்டா அது நம்மள எங்கெங்கேயோ கூட்டிட்டுப் போகுது. டப்பிகிட்ட வேலை கத்துக்கிட்ட பிரின்ஸ் ஜாமி, சயன்டிஸ்ட், அங்கேர்ந்து நியூயார்க் பிராங்க்ஸ்ல லாயிட் பார்ன்ஸ் நடத்துன வாக்கீஸ்ங்குற சின்ன லேபிள், அதாவது ரெக்கார்டு கம்பெனி, அந்த வாக்கீஸ் ரெக்கார்டுங்களை தேடித் தேடி மறுபடி வெளியிட்டது யாருன்னு பாத்தா பெர்லின்ல டெக்னோங்குற மெஷின் டான்ஸ் இசை பண்ற ரெண்டு பேரு! 1993-ல பேசிக் சேனல்னு லேபிள் ஆரம்பிச்ச மார்க் எர்னஸ்டஸ், மோரிட்ஸ் ஃபான் ஆஸ்வால்ட். அவங்க டெக்னோவைக் கேட்டுப் பாருங்க, ஒரே ஒரு கார்டு, அதாவது சேர்த்து அடிக்கிற சில சுரங்கள், அது எக்கோவுல பத்து நிமிஷம் மெதுவா மாறிக்கிட்டே இருக்கும். டெக்னோ எனக்கு ஒத்தே வராதுன்னு இருந்த ஆளு நான், டப்பியைக் கேட்ட காதுக்கு அது உடனே பிடிச்சுப்போச்சு.

முதல்ல போரடிக்கும், அது உண்மை. மூணு தடவை கேளுங்க. போன் ஸ்பீக்கர்ல மட்டும் கேக்காதீங்க, அதுல பேஸ் வராது, இந்த இசையில பேஸ் போனா பாதிக்கு மேல போச்சு.

இப்ப ஒண்ணு போடச் சொல்லியிருக்கேன். ஜேக்கப் மில்லர் பாடி ஆகஸ்டஸ் பாப்லோ தயாரிச்ச ஒரு காதல் பாட்டு, அதோட பின்பக்கம், டப்பி மிக்ஸ் பண்ணது. முன்பக்கத்தை விட இந்தப் பின்பக்கம்தான் உலகம் பூரா பேர் வாங்குச்சு. குரல் எந்த இடத்துல அறுபடுதுன்னு கவனிங்க, வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வச்சுக்கோங்க.