செப்பேட்டிடம் என்ன கேட்பது?

அனைவருக்கும் வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நிறைய வந்திருக்கிறீர்கள். தொல்லியல் சான்று, இலக்கியச் சான்று, அயலார் குறிப்பு, அப்புறம் அந்தக் காலத்திலேயே எழுந்த முதன்மைச் சான்று, பின்னால் வந்தவர்கள் எழுதிய இரண்டாம் நிலைச் சான்று: இந்தப் பட்டியல் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். கீழடிப் பானை ஓடும் மாங்குளம் குகைக் கல்வெட்டும் தொல்லியல், மதுரைக்காஞ்சி இலக்கியம். சரி, அதோடு விட்டுவிடலாமா? நாம் கேட்கிற கேள்வி மாறினால் ஒரே சான்றின் தரமும் மாறிவிடும்.

வேள்விக்குடிச் செப்பேட்டையே பார்ப்போம். 8ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தது. இதே கூடல் நகரில், அதாவது நம் மதுரையில், ஒருவர் மன்னனிடம் முறையிடுகிறார். பழைய பாண்டிய மன்னன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என் முன்னோருக்குக் கொடுத்த ஊரை, இடையில் இந்த நாட்டை ஆண்ட களப்பிரர் பறித்துவிட்டார்கள், மீட்டுத் தாருங்கள் என்கிறார். மன்னன் முறுவலித்து, அது உன் பழைய உரிமைதான் என்று நாட்டாரை, அதாவது அந்தப் பகுதி மக்களைக் கொண்டு காட்டி வாங்கிக்கொள் என்கிறான். பாருங்கள், ராஜாவே ஆதாரம் கேட்கிறார்! நெடுஞ்சடையன் ஆட்சிக்கும், அன்று நிலவழக்கு தீர்ந்த விதத்துக்கும் இது முதன்மைச் சான்று. ஆனால் முதுகுடுமி சங்க காலத்தவன். அவன் கொடுத்த கொடைக்கு இது பல நூற்றாண்டு கழித்து, ஊர் கிடைத்தால் லாபம் அடைகிறவர் தரப்பில் வந்த செய்தி. களப்பிரர் தரப்பு வாக்குமூலம் இதில் கிடையாது.

மதுரை சுல்தான்கள் காலத்துக்கு வந்தால் இன்னும் சுவை. 1340களில் இங்கே வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவின் பயணக் குறிப்பு இருக்கிறது. கங்காதேவியின் மதுராவிஜயம் என்ற வடமொழிக் காவியமும் இருக்கிறது. இரண்டும் அந்த நூற்றாண்டிலேயே எழுந்தவை. கங்காதேவி, பின்னால் வந்த மதுரை சுல்தான் ஒருவரை வென்ற விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் மனைவி. கணவர் புகழ் பாட வந்தவர் எதிரியைக் கொடியவன் என்று சொல்வதில் வியப்பில்லை. பதூதாவோ, அவர் வந்தபோது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீனுக்குச் சகலை! அவரே சுல்தானின் கொடுமைகளைக் கண்டித்துச் சொல்கிறார். சொந்தக்காரர் எதிராகச் சொல்லும் சாட்சிக்குக் கோர்ட்டிலும் எடை அதிகம். அதற்காக அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். ஊர் திரும்பிய பிறகு அவர் நினைவிலிருந்து சொல்ல, இன்னொருவர் எழுதிய நூல் அது.

கடைசியாக ஒன்று. 1868இல் நெல்சன் என்ற ஆங்கில அதிகாரி மதுரை நாட்டைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் ஆண்ட திருமலை நாயக்கரைப் பற்றி அறிய அது இரண்டாம் நிலைச் சான்று. 1860களில் வெள்ளைக்கார அதிகாரிகள் நம் ஊரையும் சாதிகளையும் எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டால், அதே நூல் முதன்மைச் சான்று. தேர்வுத் தாளில் மட்டும் இதையெல்லாம் விரித்துக்கொண்டிருக்காதீர்கள். அங்கே மதிப்பெண் கிடைப்பது முதலில் சொன்ன அந்தப் பட்டியலுக்குத்தான்.