குழந்தை வந்தால் சிந்தனை சுருங்கிவிடுமா?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "வாசிப்பும் எழுத்துமே என் வாழ்க்கை. குழந்தை பிறந்தால் இது வளருமா, தேய்ந்துபோகுமா?"

அம்மா, 1838-இல் சார்லஸ் டார்வின் இதே கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்திருக்கிறார். மணம் செய்துகொள்வதா, வேண்டாமா? நேரம் பறிபோகும், மாலையில் படிக்க முடியாது, புத்தகம் வாங்கப் பணம் குறையும் என்று அவர் எழுதிவைத்தார். உங்கள் பயம் அப்படியே அதில் இருக்கிறது. மறு ஆண்டே எம்மாவை மணந்தார். பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள்.

மூத்தவன் வில்லியம் தும்மியதையும் கொட்டாவி விட்டதையும்கூட டார்வின் குறித்துவைத்தார். பசிக்கு அழும் குரல் வேறு, வலிக்கு அழும் குரல் வேறு என்று கவனித்தார். அந்தக் குறிப்புகள் 1877-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தன. தொட்டிலருகே நின்றதால் அவருடைய சிந்தனை குறையவில்லை, புதிய வேலை கிடைத்தது.

ஆனால் 1851-இல் பத்து வயது மகள் ஆனி இறந்தாள். 1858 ஜூன் 28-இல் ஒன்றரை வயதுக் கடைக்குட்டியும் போனான். மூன்றே நாளில் லண்டன் லின்னேயன் சங்கம் என்ற அறிவியல் அமைப்பில் டார்வின், இன்னோர் இயற்கை ஆய்வாளரான வாலஸ் இருவரின் பரிணாமக் கொள்கையும் வாசிக்கப்பட்டது. டார்வின் அங்கே போகவில்லை. இந்தத் துயரத்தையும் 'வாழ்வை வளமாக்கியது' என்று வரவில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1839 முதல் 1856 வரை பத்துப் பிரசவம் கண்டவர் எம்மா. வீட்டில் பணியாளர்களும் இருந்தார்கள். டார்வினின் படிப்பறை நேரத்தை மற்றவர்கள் காத்துக் கொடுத்தார்கள். என் வீட்டிலும் அதுதான் நடந்தது. மகள் பிறந்த ஆண்டில் நான் வழக்கம்போலப் படித்தேன், எழுதினேன். என் மனைவி ஒரு புத்தகத்தைக்கூட முடிக்கவில்லை. அதை நான் கவனிக்கவே ஆறேழு ஆண்டுகள் ஆயின. இன்றும் அது உறுத்துகிறது.

அதனால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் உங்கள் கணவரிடம் இருக்கிறது. நள்ளிரவில் குழந்தை அழுதால் எழுந்திருப்பது யார்? வாரத்தில் எந்த மாலைகள் உங்களுக்கு? இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். "பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர் சொன்னால், அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திரும்பவும் கேளுங்கள்.