பேட்டரி கேட்காத ஜெல்

வணக்கம் நேயர்களே. பேட்டரி இல்லாமல், அசைவிலிருந்தே மின்சாரம் எடுத்து அழுத்தத்தைக் காட்டும் ஜெல் பட்டையைப் பற்றி இன்று பேசலாம். மலேசியாவில், நம் சுங்கை சிப்புட்டில் தீபாவளிக்கு அகார் அகார் காய்ச்சாத வீடு குறைவு. அம்மா பாண்டான் இலை போட்டுக் காய்ச்சித் தட்டில் ஊற்றிவைப்பார். ஐஸ்பெட்டி கூட வேண்டாம், நம் வெக்கையிலேயே உறைந்துவிடும். விரலால் மெல்ல அழுத்தினால் அமுங்கும், எடுத்தால் எழும்பும். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். கடற்பாசியின் நீளமான மூலக்கூறுகள் வலைபோலப் பின்னிக்கொண்டு அந்தத் தண்ணீரை ஓடவிடாமல் பிடித்திருக்கின்றன. ஜெல் என்பது இதுதான்.

அந்தத் தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் ஜெல் மின்சாரத்தையும் கடத்தும். இசிஜி எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டுகிறார்களே, அந்தப் பட்டையின் நடுவில் பிசுபிசுவென்று இருப்பது அப்படிப்பட்ட ஜெல்தான். தோலோடு வளையும், தோலோடு இழுபடும். செம்புக் கம்பியால் அது முடியாது.

சரி, மின்சாரம் எங்கிருந்து வரும்? சின்ன வயதில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுத்திருப்போம். அதே உராய்வு மின்சாரத்தை வைத்து 2012இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் சொங் லின் வாங் குழுவினர் ஒரு சிறு மின்னாக்கியைச் செய்துகாட்டினார்கள். அதன் ஜெல் வடிவத்தில் வெளியே சிலிக்கோன் உறை, உள்ளே உப்பு ஜெல். உறையின்மேல் தோல் பட்டு விலகும்போது மின்னேற்றம் உண்டாகிறது. அதற்கு ஏற்ப ஜெல்லுக்குள் அயனிகள், அதாவது உப்பின் மின்னேற்றத் துகள்கள், நகர, கம்பியில் ஒரு துடிப்பு ஓடுகிறது. அழுத்தம் கூடினால் துடிப்பும் கூடும். ஆக, அசைவே மின்சாரம், அசைவே செய்தி. ஆனால் மின்னோட்டம் மிகமிகச் சொற்பம். கைப்பேசிக்குச் செய்தி அனுப்ப அதைச் சிறுகச் சிறுகச் சேமிக்க வேண்டியிருக்கும்.

உடல் சூட்டிலிருந்தும் மின்சாரம் எடுக்கலாம். அதற்கு உடம்புக்கும் காற்றுக்கும் நல்ல வெப்ப வித்தியாசம் வேண்டும். உடம்பு 37 பாகை, மதியச் செம்பனைக் காடு 33 பாகை என்றால் என்ன கிடைத்துவிடும்? நமக்கு அசைவுதான் சரியான வழி என்பது என் எண்ணம்.

இதில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்றால், அப்பா. நீரிழிவால் அவருக்குப் பாதம் மரத்துப் போயிருந்தது. ஒருநாள் குலை வெட்டிவிட்டு வந்து பூட்ஸைக் கழற்றினார், காலுறை முழுக்க ரத்தம். ஒரு சிறு கல் உள்ளே கிடந்திருக்கிறது. காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறார், அவருக்குத் தெரியவே இல்லை. பூட்ஸின் உள்ளடியில் இப்படி ஒரு பட்டை இருந்திருந்தால், நடந்த நடையே அதற்கு மின்சாரம் கொடுத்திருக்கும். ஓரிடத்தில் மட்டும் அழுத்தம் ஏறுவதை அது காட்டியிருக்கும்.

இரண்டு சிக்கல் உண்டு. ஜெல் காய்ந்துவிடும். கிளிசரின் கலந்தால் ஈரம் நிற்கும், நம் ஈரக்காற்றும் கொஞ்சம் கைகொடுக்கும். இரண்டாவது சிக்கல், அதே ஈரக்காற்றுதான் உராய்வு மின்சாரத்தைக் கெடுக்கிறது. மழைநாளில் சீப்பு காகிதத்தை இழுக்காது, மின்னேற்றம் கசிந்துவிடும். அதனால் உறையை நன்றாக மூட வேண்டும். பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்டார்களே, அந்த ரப்பரை வைத்தும் இத்தகைய மின்னாக்கிகளைச் செய்து பார்க்கிறார்கள். நம் தாத்தா பாட்டி வெட்டிய பால் இதற்கும் உதவும் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

குளிர்சாதன அறையில் நன்றாக வேலை செய்த பட்டையை, விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்பும் ஒருவரின் பூட்ஸுக்குள் வைத்து அனுப்ப வேண்டும். மழையில் நனைந்து, மதியம்வரை நடந்து திரும்பிய பிறகு அது என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். நன்றி, வணக்கம்.