பழைய வாஷிங் மெஷினின் உயிர்நிலை, ஒரு ரப்பர் சீல்

நேயர்களுக்கு வணக்கம்.

1950களிலிருந்து 1980கள் வரை அமெரிக்காவில் தயாரான, மேலிருந்து துணி போடும் வாஷிங் மெஷின்கள் இன்றும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மேடேக், வேர்ல்பூல், ஸ்பீட் குயின் என்று பெயர் மாறினாலும் உள்ளே அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் துணியை அலசிப் புரட்டும் அஜிடேட்டர், சுற்றிலும் உள்தொட்டி, அதற்கு வெளியே தண்ணீர் நிற்கும் வெளித்தொட்டி, அடியில் கியர்பாக்ஸ், பெல்ட், மோட்டார். பெரும்பாலானவற்றை இயக்குவது சக்கரங்களும் தொடுமுனைகளும் கொண்ட ஒரு டைமர். பொறுமையுள்ளவர் கையாலேயே பழுது பார்க்கலாம்.

இந்த மெஷின்கள் வயதாகிச் சாவதைவிட, தண்ணீர் புகுந்து சாவதே அதிகம். வெளித்தொட்டியின் அடியைத் துளைத்து ஒரு தண்டு மேலே வருகிறது. அந்த இடத்தில் தண்ணீரைத் தடுத்து நிற்பது ஒரு ரப்பர் சீல். அதற்குக் கீழே, தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங். சீல் தேய்ந்து சொட்டத் தொடங்கினால் சோப்புத்தண்ணீர் முதலில் பேரிங்கின் கிரீஸைக் கழுவிவிடும், பிறகு பேரிங் துருப்பிடிக்கும், அதன் பிறகு தண்டிலேயே பள்ளம் விழும். தண்டில் பள்ளம் விழுந்துவிட்டால் புதுச் சீல் போட்டாலும் நிற்காது. அதனால் சீலை எவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறோமோ, அவ்வளவுக்குச் செலவு குறைவு.

கண்டுபிடிப்பது எப்படி? பிளக்கைப் பிடுங்கிவிட்டு முன்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். வெளித்தொட்டியின் அடியில், தண்டு நுழையும் இடத்தைச் சுற்றித் துருக்கோடு, பழுப்பு நிறக் கிரீஸ் வழிசல், பெட்டியின் உட்சுவரில் ஒரே உயரத்தில் சிதறிய கறை இருந்தால் சீல் போய்விட்டது. சுழலும்போது தெறித்த தண்ணீர்தான் அந்தக் கறையை வரைகிறது. காதும் உதவும். பிழியும் சுற்றில் மட்டும் உறுமினால் பேரிங்கைச் சந்தேகியுங்கள். துவைக்கும்போது மட்டும் தட்டினால் கியர்பாக்ஸ். இரண்டிலும் கேட்டால் முதலில் மோட்டார், பெல்ட், பம்ப் பக்கம் பாருங்கள்.

சீலுக்குப் போக அஜிடேட்டரை எடுத்தாக வேண்டும். பல வருடம் சோப்பு இறுகி அது தண்டோடு பிடித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், பேக்லைட் எனும் பழைய கெட்டி பிளாஸ்டிக்கால் ஆன விளிம்பு உடைந்தால் ஜோடி கிடைப்பது கடினம். தொட்டியில் வெந்நீர் நிரப்பிக் கால் மணி நேரம் விடுங்கள். மெஷின் கரண்டில் இல்லாதபோது, அஜிடேட்டரின் அடி விளிம்புக்குக் கீழே ஒரு கயிறைச் சுற்றி, இரண்டு பக்கமும் சமமாக நேர்மேலே இழுங்கள். தொட்டியைப் பிடித்திருக்கும் பெரிய நட்டின் மரை எந்தத் திசை என்று அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் உறுதி செய்யாமல் சுத்தியலை எடுக்காதீர்கள். தண்டை மென்மையான எமரி தாளால் பளபளப்பாக்கி, சீலையும் பேரிங்கையும் ஒரே நேரத்தில் மாற்றுவதே சரி. மாற்றியபின் தொட்டியை நிரப்பிச் சில மணி நேரம் சும்மா வைத்து, அடியில் ஈரம் இல்லை என்று பார்த்த பிறகே ஓட்டுங்கள்.

பெல்ட் விஷயத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மேடேக் மெஷினின் பெல்ட், பிழியத் தொடங்கும்போது சற்று வழுக்க வேண்டும் என்றே செய்யப்பட்டது. அளவு ஒத்துப்போகிறதே என்று கார் பெல்ட்டைப் போட்டால் அது இறுகப் பிடித்து, மோட்டார் சூடாகி ஓவர்லோடில் நின்றுவிடும்.

அமெரிக்க மெஷினை 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் வைத்திருப்பவர்களுக்கு: டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட் தரும், 60 ஹெர்ட்ஸ் தராது. மோட்டாரின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், அதோடு அதிகம் சூடாகும். டைமரும் மெதுவாகும்; 12 நிமிடத் துவைப்பு 14 நிமிடத்தைத் தாண்டும். மின்னழுத்தத்தை 100 வோல்ட்டுக்கு அருகே வைத்தால் சூடு தணியும், ஆனால் வேகம் திரும்பாது.

தண்ணீர் நிற்காமல் நிரம்பிக்கொண்டே போனால் வால்வைக் குறை சொல்லுமுன், தண்ணீர் மட்டத்தை உணரும் பிரஷர் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய காற்றுக்குழாயில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டாரோடு இணைந்த, 1979க்கு முந்தைய கெபாசிட்டர் எண்ணெய் கசிந்திருந்தால் வெறுங்கையால் தொடவேண்டாம், அதில் பி.சி.பி. எனும் நச்சு இருக்கக்கூடும். சோப்புத்தூள் குறைந்த நுரை வருவதாகவே இருக்கட்டும். நுரை மிகுந்தால் தொட்டி வேகம் எடுக்காது.

பல காலம் ஓடாமல் கிடந்த மெஷின் கைக்கு வந்தால், சுவிட்சைப் போடுமுன் பெல்ட்டைக் கையால் இழுத்துச் சில சுற்று சுற்றுங்கள். முதல் ஓட்டம் துணியில்லாமல் இருக்கட்டும். அடியில் காய்ந்த அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். மறுநாள் அட்டையில் காய்ந்துபோன தடம் தண்ணீர், காயாமல் மினுங்கும் தடம் கியர்பாக்ஸ் எண்ணெய். எந்தப் பக்கம் பிரிக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்யலாம்.

நன்றி, வணக்கம்.