கழன்றது செருப்பா, காலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சிண்டரெல்லா கதை இந்த அரங்கில் தெரியாதவர் இருக்க மாட்டார். மாற்றாந்தாய்க் கொடுமை, அரண்மனை விருந்து, படிக்கட்டில் கழன்ற செருப்பு, தேடி வரும் இளவரசன். முடிவு வரைக்கும் தெரிந்த கதையை ஒருவர் முழு நாவலாக மறுபடி எழுதினால் அதை ஏன் படிக்க வேண்டும்? அதுவும் பதின்வயதினருக்கு எழுதியதை நாம் எதற்குப் படிப்பது? மரிஸ்ஸா மேயர் 2012இல் வெளியிட்ட 'சிண்டர்' நாவலை நான் எப்படி ரசித்தேன் என்று சொல்கிறேன். அதுதான் என் பதில். கதையின் முடிச்சுகள் சிலவற்றை அவிழ்க்காமல் பேச முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் உலகப் போர் முடிந்த எதிர்காலம். ஊர், புதிய பெய்ஜிங். பதினாறு வயது சிண்டர் ஒரு மெக்கானிக்; அவளுடைய ஒரு கையும் ஒரு காலும் உலோகம். சட்டப்படி அவள் வளர்ப்புத் தாயின் உடைமை. பழைய கதையில் அந்தப் பெண் ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை என்று சின்ன வயதிலேயே கேட்டிருப்போம். இந்த ஒரு சட்டத்தில் அதற்கு விடை கிடைத்துவிடுகிறது.

முதல் காட்சியில் அவள் சந்தைக் கடையில் உட்கார்ந்து, கணுக்காலில் துருப்பிடித்த திருகைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். சிறுமியாக இருந்தபோது பொருத்திய பாதம் அது. அவள் வளர்ந்துவிட்டாள், பாதம் வளருமா? அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுப் பாதத்துக்குக் காத்திருக்கும் நேரம் பார்த்து இளவரசன் கடை வாசலில் வந்து நிற்கிறான். ஒற்றைக்காலில் நின்றபடி, மேசைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவனோடு பேசுகிறாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ 1697இல் இந்தக் கதையை எழுதியபோது அது கண்ணாடிச் செருப்பு. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட 1812 கதைத் தொகுப்பில், செருப்புக்குள் கால் நுழையவில்லை என்றதும் தாயே கத்தியை எடுத்துக் கொடுக்கிறாள். மகள்கள் தங்கள் பாதத்தையே வெட்டிக்கொள்கிறார்கள். செருப்பில் வழியும் ரத்தத்தைப் புறாக்கள் காட்டிக்கொடுக்கின்றன. இதற்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டுச் சீனாவில் துவான் செங்ஷி எழுதிவைத்த யே ஷியான் கதையில் தங்கச் செருப்பு வந்துவிட்டது. எல்லாவற்றிலும் சின்னக் கால்தான் பாக்கியம். மேயரின் நாவலில் மட்டும் அந்தச் சின்னக் கால் அவளை நோகடிக்கிறது. அளவு பொருந்தவில்லை என்றால் வெட்டவேண்டியது காலை அல்ல, கழற்றி எறிய வேண்டியது அளவை என்று முதல் பக்கத்திலேயே காட்டிவிடுகிறார். அந்தத் துணிச்சலில் மயங்கித்தான் நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

பிறகு அரண்மனை. புதுப் பாதத்தை வளர்ப்புத் தாய் பிடுங்கிக்கொள்ள, அவள் அந்தப் பழைய குட்டிப் பாதத்தையே மாட்டிக்கொண்டு போகிறாள். ஆடுவதற்காகப் போகவில்லை, இளவரசனை எச்சரிக்கப் போகிறாள். படிக்கட்டில் ஏதோ கழலப்போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தப் பக்கங்களில் நெஞ்சு அடித்துக்கொண்டது. பழைய கதையில் கழன்ற செருப்பு அவளைத் தேடிவரச் செய்தது; இங்கே கழன்ற பாதம், அவள் மறைத்து வைத்திருந்ததை அவன் கண்முன்னே போட்டு உடைக்கிறது. முடிவு தெரிந்திருப்பது சுவையைக் கெடுக்கும் என்பவர்கள் இந்த ஒரு காட்சியைப் படித்துப் பார்க்கட்டும். தெரிந்திருந்ததால்தான் பயமே வந்தது.

தங்கை பியோனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய கதையில் இரண்டு சகோதரிகளும் ஒரே அச்சு. இங்கே இளையவள் சிண்டர்மீது உயிராக இருக்கிறாள்; ஊரில் பரவும் கொள்ளைநோய் அவளைத்தான் பிடிக்கிறது. நான் அழுதது அங்கேதான்.

குறையும் உண்டு. நாயகியின் பிறப்பு ரகசியம் பாதிக்கு முன்பே புரிந்துவிடும். அதை ஆசிரியர் கடைசிவரை இழுத்திருக்க வேண்டாம்.

படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் கிரிம் கதையை எடுங்கள், சில பக்கங்கள்தான். அந்தக் கத்தியை மனதில் வைத்துக்கொண்டு சிண்டரின் கடைக்குப் போங்கள். அடுத்த பாகங்களில் சிவப்புத் தொப்பிக்காரியும் ரபுன்ஸலும் ஸ்னோ ஒயிட்டும் வருகிறார்கள். அவர்களுடைய பழைய கதைகளையும் அப்படியே முன்கூட்டிப் படித்துவிடுங்கள்.