தீர்மானத்த எழுதுங்க, அப்புறம் கையெழுத்து! | 2025 ஆகஸ்ட் 15 கிராம சபை வ்லாக்

மக்களே வணக்கம். தொண்ட கட்டியிருக்கு, நேத்து கிராம சபைல பேசுன பேச்சு அப்படி. ஆனா நல்ல சேதி, தீர்மானம் எண் 11, கிழக்குத் தெரு கேட் வால்வு, அதாங்க குழாய்ல தண்ணிய திறந்து மூடுற வால்வு, அத மாத்துறது, நோட்டுல ஏறிடுச்சு! மூணு வீடியோவா வால்வப் பத்தியே பேசுறியேன்னு கமெண்ட்ல கேட்டீங்க. பேசத்தான் செய்வேன். டேங்க் நிறைய தண்ணி ஏறுது, மேலத் தெருவுல வாசல் தெளிக்கிறாங்க, கிழக்குத் தெரு கடைசி வீட்டுக்கு மூணு நாளைக்கு எட்டு குடம். வால்வு இறுகிப்போய் பாதிதான் திறக்குது, டேங்க் ஆபரேட்டர் அண்ணன் ஸ்பேனர்ல தொங்கியே பாத்துட்டாரு.

கொடியேத்தி மிட்டாய் குடுத்ததும் போயி உக்காந்தேன். முதல்ல தலைய எண்ணுவேன்னு உங்களுக்குத்தான் தெரியுமே. புதுசா வந்தவங்களுக்கு, கூட்டம் செல்லணும்னா 500 பேர் வரைக்கும் உள்ள ஊராட்சின்னா 50 பேர் வரணும், 3,000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300. நம்ம ஊரு 2,000 சொச்சம். எண்ணுனா 81 பேரு! கிழக்குத் தெரு முழுக்க கதவத் தட்டி, அடுப்ப அணைச்சிட்டு வாங்கக்கான்னு 24 பேர கூட்டிட்டு வந்தேன்.

திரும்பி வந்தா ஒரு பெரியவர் மைக்ல உத்திரமேரூர் கல்வெட்டு, ஓலைல பேர எழுதி குடத்துல போட்டு ஆள் எடுக்குற குடவோலைன்னு இருபது நிமிஷமா பேசிட்டிருக்காரு. எனக்கும் பெருமைதாங்க, முதலாம் பராந்தகன் காலத்து கல்வெட்டு, ஆயிரம் வருஷம் தாண்டிடுச்சு. ஆனா அதே கல்வெட்டுல கணக்கு காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் வாரியத்துக்கு, அதாங்க ஊர் வேலைய பாக்குற குழுவுக்கு, வரக்கூடாதுன்னு இருக்கே, அத ஏன் யாருமே சொல்றதில்ல? அந்த சபைல நிலமும் வேதப்படிப்பும் உள்ள ஆம்பளைங்க பேரத்தான் ஓலைல எழுதிப் போட்டாங்க. எங்க கிழக்குத் தெரு அக்கா அங்க போயி தண்ணி கேட்டிருக்க முடியுமா? எனக்கு 1993 ஏப்ரல் 24தான் பெரிய நாள், ஊராட்சிக்கும் கிராம சபைக்கும் அரசியல் சட்டத்துல இடம் குடுத்த 73ஆவது சட்டத்திருத்தம் அமலுக்கு வந்தது அன்னைக்குத்தான்.

அப்புறம் படிவம் 30, அதாங்க ஊராட்சியோட வரவு செலவு, வாசிக்கச் சொன்னேன். ஃப்ளெக்ஸ்ல இருக்கும்மான்னாங்க. ஃப்ளெக்ஸ் மேடைக்குப் பின்னாடி, எழுத்து எறும்பு சைஸ். விடல, முழுசா வாசிக்க வச்சேன். வால்வுக்கு மட்டும் நிதி இல்லன்னாங்க, அங்கதான் கோவம் வந்துச்சு. மத்திய அரசோட 15ஆவது நிதிக்குழு மானியத்துல 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவு பண்ணணும்னே தர்றாங்க, அதுல இந்த வால்வுக்கு இடம் இல்லையா?

ஐயோ விலைய சொல்லல பாருங்க. 3 இஞ்ச் வால்வு, டவுன்ல மூணு கடை ஏறி இறங்குனேன். முதல் கடைல 4,600, ரெண்டாவதுல 4,200, பஸ் ஸ்டாண்டு பின்னாடி ஒரு பழைய ஹார்டுவேர் கடை, அந்த ஐயா ஊராட்சிக்குன்னதும் 3,800க்கு கொட்டேஷனே எழுதிக் குடுத்துட்டாரு, சீல் வச்சு. அத அப்படியே தூக்கிக் காட்டுனேன். 3,800 ரூபா மக்களே! அதுக்காக ஒரு தெருவே எட்டு குடத்த வச்சு மூணு நாள் ஓட்டுது.

சரின்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா கூட்டம் முடிஞ்சதும் நோட்ட நீட்டுறாங்க, மேல பத்து தீர்மானம் ஏற்கெனவே எழுதியிருக்கு, கீழ அரைப் பக்கம் வெறுமனே, அதுக்கும் கீழ கையெழுத்துக் கட்டம். உங்க தீர்மானத்த அப்புறம் எழுதிக்கிறோம்மா, இப்ப போடுங்கன்னாங்க. மாட்டேன்னேன். பின்னாடி நின்ன அக்காங்களும் பேனாவ கீழ வச்சிட்டாங்க, அந்த நிமிஷத்த நான் மறக்கவே மாட்டேன். நாப்பது நிமிஷம் யாரும் நகரல. கடைசில செயலர் உக்காந்து எழுதுனாரு, தெரு பேரு, வால்வு அளவு, எந்த நிதி, எல்லாம். வாசிச்சுக் காட்டுனதுக்கு அப்புறம்தான் கையெழுத்து. படிக்கத் தெரியாத ஒரு ஆத்தா, என் தெரு பேர எங்க எழுதியிருக்குன்னு கேட்டு, அந்த எழுத்த விரலால தடவிப் பாத்துட்டு கைநாட்டு வச்சாங்க.

ஒண்ணு விட்டுட்டேன், கூட்டத்துக்கு தலைவரே கிடையாது. 2019 டிசம்பர்ல எலெக்‌ஷன் நடந்த ஊராட்சிக்கெல்லாம் 2025 ஜனவரி 5ஓட பதவிக்காலம் முடிஞ்சிடுச்சு, அரசாங்கம் போட்ட தனி அலுவலர்தான் இப்ப. அஞ்சு வருஷம் முடியுறதுக்குள்ள தேர்தல் நடத்தணும்னு அரசியல் சட்டமே சொல்லுது, 2016லயும் இதேதான் ஆச்சு, மூணு வருஷம் தலைவரே இல்ல. எனக்கு இது சுத்தமா பிடிக்கல. தலைவர்னா வீட்டுக்கே போயி கேப்போம், ஓட்டு கேட்டு வரணுமேன்னு ஒரு பயம் இருக்கும்.

ஓடந்துறை வீடியோல சொன்னேன்ல, மேட்டுப்பாளையம் பக்கம், சண்முகம் தலைவரா இருந்தப்போ ஊராட்சியே பேங்க் லோன் வாங்கி 2006ல 350 கிலோவாட் காத்தாலை போட்டு மிச்ச கரண்ட்ட வித்தாங்க. ஊருக்குள்ள இல்ல, காத்து அடிக்கிற இடம் தேடி உடுமலை பக்கம் போட்டாங்க, அத அந்த வீடியோல சொல்ல விட்டுட்டேன். செலவு ஒண்ணரைக் கோடிக்கு மேல. அதுவும் ஊராட்சிதான், நம்மளதும் ஊராட்சிதான்.

வியாழக்கிழமை பிடிஓ ஆபீஸ், அதாங்க வட்டார வளர்ச்சி அலுவலர் ஆபீஸ் போறேன், தீர்மான நகல் வாங்க. நோட்டுப் பக்கத்த போட்டோ எடுத்து கம்யூனிட்டி டேப்ல போட்டிருக்கேன், 11ஆவது தீர்மானத்த ஜூம் பண்ணிப் பாருங்க. வால்வு மாட்டுற அன்னைக்கு கடைசி வீட்டு வாசல்லேருந்து லைவ் வரேன், கொடத்தோட.