முடிச்ச நாவல்ல ‘நான்’-ஐ ‘அவன்’ ஆக்கலாமா?

அடுத்த கேள்வி. ஒரு நண்பர் கேட்டிருக்காரு, நாவலை எழுதி முடிச்சுட்டேன், முழுக்க ‘நான்’னு சொல்ற மாதிரி தன்மையில போகுது, படிச்ச ரெண்டு பேர் இதைப் படர்க்கைல எழுதியிருக்கலாமேங்கறாங்க, ‘நான்’ வர்ற இடத்துல எல்லாம் பேரைப் போட்டு மாத்துனா போதுமா, இல்ல திரும்ப எழுதணுமான்னு.

திரும்பத்தாங்க எழுதணும்.

பேரை மட்டும் மாத்தி தப்பிச்சவர்னா ஜெர்மன்ல எழுதுன நாவலாசிரியர் காஃப்கா. 1922ல ‘கோட்டை’ நாவலை அவர் ‘நான்’னுதான் ஆரம்பிச்சாரு, கொஞ்சம் அத்தியாயம் போனப்புறம் கையெழுத்துப் பிரதில ‘நான்’ எல்லாத்தையும் அடிச்சுட்டு ‘கே.’னு போட்டுட்டாரு. ஜெர்மன்ல இறந்த காலத்துல ‘நான் போனேன்’, ‘அவன் போனான்’ ரெண்டுக்கும் வினை ஒண்ணுதான், விகுதி மாறாது. ஆனா அதை விட முக்கியம், அவரோட ‘நான்’ எங்கயும் உக்காந்து பழசை நினைச்சுப் பேசலை, எனக்கு அப்ப தெரியாம போச்சேன்னு புலம்பலை, கண்ணு முன்னாடி நடக்குறதை மட்டும் சொல்லிட்டுப் போச்சு, அதனால எடுத்தாலும் எதுவும் உடையலை.

நம்ம தமிழ்ல விகுதி மட்டுமில்லீங்க, உறவுமுறையே மாறும். ‘பெரியப்பா உள்ள வந்தார், நான் எந்திரிச்சேன்’னு எழுதியிருக்கீங்கன்னு வைங்க. படர்க்கைல அவரைப் பெரியப்பான்னு கூப்பிடுறது யாரு? கதை சொல்றவருக்கு அவர் பெரியப்பா இல்லையே. சரி, சண்முகம்னு பேர் சொல்லலாம், சொன்ன உடனே அடுத்த சிக்கல், சண்முகம் வந்தாரா வந்தானா? ‘அவனுடைய பெரியப்பா சண்முகம் உள்ளே வந்தார்’னு எழுதிப் பாருங்க, தப்பே இல்ல, ஆனா பெரியப்பாங்கற ஒரே சொல்லுல இருந்த பயம் போயிடுச்சு. அதை வேற வழில கொண்டு வரணும். மடிச்சுக் கட்டியிருந்த கைலியை அவன் அவசரமா இறக்கி விட்டான்னு எழுதுனா திரும்ப வந்துடும். இப்படி ஒவ்வொரு பக்கத்துலயும் தேட வேண்டியிருக்கும், அதான் திரும்ப எழுதணும்ங்கறேன்.

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயெவ்ஸ்கி கேஸ் உங்களுக்கு ரொம்ப உதவும். ‘குற்றமும் தண்டனையும்’ முதல்ல கொலைகாரனே சொல்ற வாக்குமூலமாத்தான் இருந்தது. 1865 நவம்பர் கடைசில, நிறைய எழுதினதுக்கு அப்புறம், அதைக் கொளுத்திட்டு புதுசா ஆரம்பிச்சேன்னு அவரே கடிதத்துல எழுதியிருக்காரு. 1866ல பத்திரிகைல தொடரா வந்தது அந்தப் புதுசுதான். யோசிச்சுப் பாருங்க, கொலைக்கப்புறம் நாயகன் ரஸ்கோல்னிகவ் நாள் கணக்குல ஜுரத்துல நினைவில்லாம கிடக்கான், அப்ப சுத்தி நடந்ததை அவன் வாயால எப்படி சொல்ல வைப்பீங்க? கதை சொல்றவர் எல்லாம் தெரிஞ்சவரா இருக்கணும், ஆனா நாயகனை விட்டு ஒரு நிமிஷம் நகரக்கூடாதுன்னு நோட்டுல குறிச்சு வச்சாரு. ஆனா ஸ்விட்ரிகைலவ்னு இன்னொரு பாத்திரம், அவனோட கடைசி ராத்திரி வரும்போது அவரே அந்த விதியை மீறி, ரஸ்கோல்னிகவை விட்டுட்டு அந்த ஆளு பின்னாடி போறாரு. அந்த ராத்திரி இல்லாத நாவலை என்னால நினைச்சே பார்க்க முடியலை, ‘நான்’ல அதுக்கு வழியே கிடையாது.

இப்ப உங்க நாவலுக்கு வாங்க. நாயகன் கதவுக்குப் பின்னாடி நின்னு ஒட்டுக்கேக்குறது, யாரோ வந்து எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டுப் போறது, தற்செயலா லெட்டர் கைல கிடைக்குறது, இந்த மாதிரி சீன் எத்தனை இருக்குன்னு பாருங்க. அவனுக்குத் தெரியணுமேங்கறதுக்காகவே வச்ச சீன் நிறைய இருந்தா படர்க்கைக்குப் போங்க, அதெல்லாத்தையும் தூக்கிடலாம், கதைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். இன்னொரு பக்கம், அவன் நம்மகிட்ட எதையோ மறைக்கிறான், பூசி மெழுகுறான், அதைக் கண்டுபிடிக்குறதுதான் வாசகனுக்கு சுவாரசியம்னா தயவுசெஞ்சு கை வைக்காதீங்க, படர்க்கை ஆள் அதே விஷயத்தை மறைச்சா வாசகன் ஏமாத்திட்டாங்கன்னுதான் நினைப்பான்.

முழுசா மாத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு அத்தியாயம், இருக்கறதுலயே கஷ்டமானது, பழைய ஃபைலைத் திறக்காம படர்க்கைல எழுதிப் பாருங்க. முன்னாடி சொல்ல முடியாத ஒண்ணு உள்ள வந்துச்சுன்னா தொடருங்க. அப்புறம் அந்த ரெண்டு பேர்கிட்ட எந்தெந்தப் பக்கத்துல சலிப்பு தட்டுச்சுன்னு பென்சில்ல குறிச்சுத் தரச் சொல்லுங்க. குறிச்சது எல்லாமே நாயகன் தன்னைப் பத்தி விளக்கம் சொல்ற பக்கமா இருந்தா, அந்த விளக்கங்களை மட்டும் வெட்டுங்க, ‘நான்’ அப்படியே இருக்கட்டும்.